மாநகராட்சி மாளிகையின் வாயில்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மேடையருகே வைக்கப்பெற்றுள்ள பழைய நிழற்படத்தை அனைவரும் பார்த்திருப்பீர்கள். மும்பை மாநகராட்சி மாளிகையின் முகப்பு அது. கூர்முனை வளைவுகளும், நுண்ணிய கல் வேலைப்பாடும், மேலே எழும் குவிமாடங்களும் காண்போர் உள்ளத்தைக் கவர்வன. முகப்பின் உச்சியில் சிறகு விரித்து நிற்கும் பெண்ணுருவம், இந்திய நகரங்களுள் இதுவே முதன்மையானது என்னும் பெருமிதத்தைக் குறிப்பதாகும்.

எதிரேயுள்ள தொடர்வண்டி நிலையத்தை அமைத்த ஸ்டீவன்ஸ் என்பவரே இம்மாளிகையையும் அமைத்தார். 1884-இல் ரிப்பன் பிரபு அடிக்கல் நாட்ட, 1893-இல் பணி நிறைவுற்றது. ஊராட்சிப் பொறுப்பு ஊராரிடமே இருத்தல் வேண்டும் என்னும் கொள்கைக்கு 1882-இல் அரசுத் தீர்மானத்தின் வாயிலாக வலுவூட்டியவர் ரிப்பன். 1913-இல் திறக்கப்பெற்ற சென்னை மாநகராட்சி மாளிகை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆதலின், பிறந்த மண்ணையும் வாழும் மண்ணையும் இணைக்கும் ஒரு நினைவு இவ்வாயிலில் உண்டு.

வாயிலின் முன்னே சிலையாக நிற்பவர் பெரோஸ்ஷா மேத்தா. 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் உருவாக அரும்பாடுபட்டவர். அன்று வரி செலுத்தும் சிலருக்கே வாக்குரிமை இருந்தது. நாடு விடுதலை பெற்றபின் வயது வந்தோர் அனைவருக்கும் அவ்வுரிமை வந்தது. நேற்று வந்து குடியேறியவரும், பட்டியலில் பெயர் பதிந்தால், இம்மாளிகையின் உரிமையாளருள் ஒருவரே.

அன்பர்களே! இவ்வாயில் நம் மொழிக்கும் திறந்தே இருந்துள்ளது. மராத்தி, குஜராத்தி, உருது முதலியவற்றோடு தமிழையும் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளை இம்மாநகராட்சி நடத்தி வருகிறது. வேற்று மாநிலத்து நகராட்சி ஒன்று நம் குழந்தைகளுக்குத் தமிழில் எழுத்தறிவிக்கிறது என்பது சிறிய செய்தியன்று! ஆயின், அப்பள்ளிகளில் மாணாக்கர் தொகை குறைந்து வருகிறது. பிள்ளைகள் இல்லாத வகுப்பறையை எந்த நகராட்சியும் நெடுநாள் காத்து நிற்காது.

நம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்புவது நம் விருப்பம். ஆனால், தாராவியிலும் பிற குடியிருப்புகளிலும் வாழும் ஏழைத் தமிழ்க் குழந்தைக்கு அப்பள்ளியே கல்வியின் வாயில். அதற்கு ஆசிரியரும் நூல்களும் குறைவின்றிக் கிடைக்கின்றனவா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்து, தம் வட்டத்து உறுப்பினரிடம் இதனை வலியுறுத்துமாறு வேண்டி அமைகிறேன்.