கிறிஸ்து பிறப்பும் நன்றியும் ஊழியமும்

(சங்கத்தின் வெள்ளி விழா ஆண்டில் நடைபெற்ற கிறிஸ்துமஸ் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், கிறிஸ்து பிறப்பைப் பற்றியும் நன்றியைப் பற்றியும் சில சொற்கள் கூறுமாறு எங்கள் இருவரையும் பணித்தீர்கள். இச்சங்கத்தில் கிறிஸ்தவரும் உண்டு, கிறிஸ்தவரல்லாதாரும் உண்டு, எம்மதமும் வேண்டா என்பாரும் உண்டு. ஆகவே இங்கே நாங்கள் சமயப் பிரசங்கம் செய்ய வரவில்லை. ஒரு குடும்பத்தின் வரலாற்றை உங்கள் முன் வைத்து, அதிலிருந்து நமக்கு எழும் ஒரு வினாவை உங்களோடு சேர்ந்து சிந்திக்கவே வந்திருக்கிறோம். அவ்வினா இது: நமக்கு நன்மை செய்தோருக்கு நாம் எவ்வாறு நன்றி செலுத்த வேண்டும்? தலை குனிந்தா, தலை நிமிர்ந்தா?

முதலில் கிறிஸ்து பிறந்த வரலாற்றை நினைவு கூர்வோம். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின்படி, அக்குடும்பத்திற்குச் சத்திரத்தில் இடமில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றி, மாடுகள் தீனி தின்னும் முன்னணையில் கிடத்தினாள் தாய். அச்செய்தி முதன்முதலில் யாருக்கு அறிவிக்கப்பட்டது? அரண்மனைக்கா? ஆலயத்துக் குருமாருக்கா? இல்லை. இரவில் வயல்வெளியில் மந்தையைக் காவல் காத்துக் கொண்டிருந்த ஆட்டிடையர்களுக்கு. இவ்வரலாற்றை நம் முன்னோர்க்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பண்ணையாரின் தொழுவத்தில் சாணம் வாரியவர்களுக்கும், இரவெல்லாம் களத்து மேட்டில் காவல் கிடந்தவர்களுக்கும், ஊருக்குள் இடமில்லை என்று சொல்லப்பட்டவர்களுக்கும் அது அயலாரின் கதையாகத் தோன்றியிராது. சேரிகளில் அச்செய்தி வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

இனி அக்குடும்பத்தின் வரலாற்றுக்கு வருவோம். அதுவே ஸ்கடர் குடும்பம்.

ஜான் ஸ்கடர் என்பவர் நியூயார்க் நகரில் நல்ல பெயரோடு மருத்துவத் தொழில் செய்து வந்தவர். ஒருநாள் நோயாளி ஒருவரைக் காணச் சென்ற வீட்டில், உலகின் பிற நாடுகளுக்கு ஊழியர் தேவை என்று வற்புறுத்தும் ஒரு சிறு நூல் அவர் கண்ணில் பட்டது. அதைப் படித்தவர் தம் தொழிலையும் வருவாயையும் விட்டு, 1819ஆம் ஆண்டு மனைவி ஹாரியட்டுடனும் கைக்குழந்தையுடனும் கப்பலேறினார். கல்கத்தாவை அடைந்த சில நாட்களுக்குள் அக்குழந்தை இறந்தது. அயல்நாட்டு மண்ணில் முதற்பிள்ளையைப் புதைத்துவிட்டு, அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் அவர்கள் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். அங்கு அவர்கள் கண்ட முதல் கிறிஸ்துமஸ், தொட்டில் வெறுமையாய்க் கிடந்த கிறிஸ்துமஸ் ஆகும்.

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் அவர் மருத்துவமும் போதகமும் ஒருங்கே செய்தார். 1836இல் சென்னைக்கு வந்தார். ஹாரியட் அம்மையார் 1849இல் சென்னையிலேயே காலமானார். ஸ்கடர் 1855இல் தென்னாப்பிரிக்காவில் உயிர் நீத்தார். அவருடைய புதல்வர் எழுவர் இந்நாட்டில் ஊழியம் செய்தனர். அவர்களுள் மூவர் 1853இல் ஆர்க்காட்டு மிஷனை அமைத்தனர். சைலஸ் என்பவர் 1866இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார். நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு உழைத்தனர் என்று அக்குடும்ப வரலாறு கூறுகிறது.

கடைசிப் புதல்வரான இளைய ஜானின் மகளே ஐடா ஸ்கடர் அம்மையார். 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், தாமே எடுத்து உண்ணவும் வலுவிழந்த பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டை வைத்த சிறுமி அவர். பின்னர் அமெரிக்காவில் உறவினர் பொறுப்பில் விடப்பட்டு, தாய் தந்தையரைப் பிரிந்து வளர்ந்தார். இந்தியாவே வேண்டா, மிஷனெரியாக ஒருநாளும் ஆகேன் என்பதே அவருடைய இளமைத் தீர்மானம்.

தாயின் உடல்நலக் குறைவால் திண்டிவனத்திற்கு வந்திருந்தபோது, ஓரிரவில் மூவர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் உயர்சாதி இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் கிடந்தனர். ஆண் மருத்துவரான தந்தையை அவர்கள் ஏற்கவில்லை. மருத்துவம் அறியாத மகளையே அழைத்தனர். விடிந்ததும் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அந்த ஓரிரவே ஐடாவின் தீர்மானத்தை மாற்றிற்று. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூருக்குத் திரும்பினார். அவ்வாண்டிலேயே தந்தை இறந்தார். வீட்டின் ஒரு சிறு அறையில் தொடங்கிய மருத்துவம், 1902இல் நாற்பது படுக்கை கொண்ட மருத்துவமனையாயிற்று. 1909இல் செவிலியர் பள்ளி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்கள் படித்துத் தேறுவார்களா என்று ஐயுற்றவர் பலர். 1922இல் முதல் அணியில் தேர்வெழுதிய பதினால்வரும் தேறினர். இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என நாடறிய நிற்பது அவ்வித்திலிருந்து எழுந்த மரமே. அம்மையார் 1960 மே மாதம் கோடைக்கானலில் மறைந்தார்.

இளைஞர்களே, திண்டிவனத்து இரவைப் பற்றிச் சிறிது நின்று எண்ணிப் பாருங்கள். வந்து கதவைத் தட்டியவர் மூவர். நம் சேரிகளிலிருந்து அன்றிரவு எவரும் வந்ததாக அவ்வரலாற்றில் இல்லை. நம் பெண்கள் பிரசவத்தில் இறக்கவில்லையா? இறந்தனர். ஒரு டாக்டரின் கதவைத் தட்டலாம் என்று நினைக்கும் துணிவுகூடப் பலருக்கு இல்லாதிருந்த காலம் அது. மற்ற மூவருடைய துன்பம் வரலாறாயிற்று. நம்முடைய துன்பம் எவராலும் எழுதப்படவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வரலாற்றைப் படிக்கும்போது, அதில் எழுதப்படாதவரையும் தேடிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்லுகிறோம்.

அவ்வாறு தேடினால் மற்றொரு கூட்டத்தாரும் நம் கண்ணுக்குப் புலப்படுவர். ஐடா அம்மையாரின் முதல் உதவியாளர் அமெரிக்காவிலிருந்து வந்த செவிலியர் அல்லர். வீட்டுப் பணியில் இருந்த சலோமி என்னும் தமிழ்ப் பெண்ணே. ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த கிராமச் சபையாரில் மிகப் பெரும்பாலோர் நம் மக்கள். மிஷனெரி துரை ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து போவார். ஆண்டு முழுதும் சேரியிலே தங்கி, கூரைக் கொட்டகையில் பகலில் பள்ளியும் ஞாயிறன்று ஆராதனையும் நடத்தியவர் உபதேசியார்.

எங்கள் பாட்டனார் அத்தகைய உபதேசியார்களுள் ஒருவர். மாதச் சம்பளம் குடும்பத்திற்குப் போதாது. பாட்டியார் நடவுக்கும் அறுப்புக்கும் போய் ஈடு செய்தார். கிறிஸ்துமஸ் காலையில் பாட்டனார் வெளுத்த வேட்டி கட்டி, எலுமிச்சம்பழமும் மாலையும் கொண்டு பங்களாவுக்குச் செல்வாராம். துரைசானி அம்மாள் பிள்ளைகளுக்குப் படம் போட்ட வாழ்த்து அட்டைகளைக் கொடுப்பாராம். அவை சீமையிலிருந்து வந்த பழைய அட்டைகள். பின்பக்கம் யாரோ யாருக்கோ எழுதிய எழுத்து இருக்கும். பனி மூடிய வீடுகளின் படத்தைப் பார்த்து, அது பஞ்சு என்று எங்கள் தந்தையார் எண்ணியிருந்தாராம். அந்த அட்டையின் பின்பக்கத்து எழுத்தைப் படிக்க வேண்டும் என்ற ஆவலே தமக்கு ஆங்கிலம் கற்பித்தது என்று அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் பாட்டனார் வராந்தாவைத் தாண்டி உள்ளே சென்று நாற்காலியில் அமர்ந்ததே இல்லை. அமரச் சொன்னார்களா, சொல்லியும் இவர் அமரவில்லையா என்று எங்களுக்குத் தெரியாது. பாட்டியாரைக் கேட்டபோது, "அவுங்க நல்லவுங்கதான், நமக்குத்தான் கால் உள்ள போவல" என்றார். அச்சொல்லை நாங்கள் இன்றளவும் மறக்கவில்லை. நன்மை செய்தவர் நல்லவரே. எனினும் வாங்கியவரின் கால் உள்ளே செல்லவில்லை. பல தலைமுறைகளாக வெளியே நிறுத்தப்பட்ட கால்கள், கதவு திறந்திருந்தாலும் தயங்கும். இத்தயக்கம் நீங்கும்வரை எந்த ஊழியமும் முற்றுப் பெற்றதாகாது.

இன்னும் கசப்பான உண்மை ஒன்றுண்டு. சாதியைத் துறவாதோர்க்குச் சபையில் இடமில்லை என்று 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிமார் மாநாடு தீர்மானித்தது. தீர்மானம் நல்ல தீர்மானம். ஆயினும் தனி வரிசை, தனிக் கல்லறை என்னும் இழிவுகள் தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் அதன் பின்னரும் நீடித்தன. எங்கள் உறவினர் ஒருவரை அடக்கம் செய்யச் சென்றபோது, ஒரு கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பியிருந்த சுவரை நாங்களே கண்டோம். தொழுவத்தில் பிறந்தவரின் பெயரால் கூடுவோர், இறந்தோருக்கு இடையில் சுவர் வைத்திருந்தனர். மறுபுறம், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தாருக்கு மட்டுமே பட்டியல் சாதி உரிமை என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரான நம் மக்கள் சேர்க்கப்படவில்லை. சபையில் சாதியால் ஒதுக்கப்பட்டவர், சட்டத்தின் முன் சாதியற்றவராகக் கருதப்பட்டார். இவற்றையெல்லாம் எடுத்துரைப்பது நன்றி மறத்தல் என்று சிலர் நம்மை வாயடைக்கப் பார்க்கின்றனர்.

அன்பர்களே, இங்கேதான் நாம் தெளிவு பெற வேண்டும். நன்றி என்பது வேறு. அடிமைத்தனம் என்பது வேறு. பண்ணையார் தீபாவளிக்கு வேட்டி கொடுத்தார் என்பதற்காக ஆண்டு முழுதும் கூலி கேளாதிருந்தது நன்றியன்று. அச்சமே அதன் பெயர். உண்மையான நன்றி மூன்று காரியங்களைச் செய்யும். செய்தவர் செய்ததை உள்ளபடி சொல்லும். கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. பெயர் அறியப்படாத துணைவரையும் நினைவு கூரும். பெற்றதைத் தன்னிடமே முடக்காமல் அடுத்தவர்க்குக் கடத்தும்.

ஸ்கடர் குடும்பத்தாரிடமிருந்து நாம் கற்க வேண்டியது இந்த மூன்றாவதையே. முதல் ஜான் பெற்ற மருத்துவக் கல்வியை அவர் தமக்கென்று வைத்துக் கொள்ளவில்லை. ஐடா அம்மையார் தாம் ஒருவரே எத்தனை நோயாளிகளைப் பார்க்க முடியும் என்று எண்ணி, இந்நாட்டுப் பெண்களையே டாக்டர்களாகவும் செவிலியர்களாகவும் ஆக்கினார். தம் கையிலிருந்த வித்தையைப் பிறர் கைக்கு மாற்றிக் கொடுத்தார். ஊழியம் என்பதற்கு நாங்கள் காணும் பொருள் அதுவே. வாங்குபவனை என்றென்றும் வாங்குபவனாகவே வைத்திருப்பது தருமம் எனப்படலாம், ஊழியம் எனப்படாது.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வருவதும் அதுவன்றோ? மாலை வகுப்பில் அன்று படித்த பிள்ளைகள் இன்று இந்த அவையில் ஆசிரியராகவும், அலுவலராகவும், செவிலியராகவும் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நகரத்தில் வீடு கட்டிவிட்டோம், பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படிக்கின்றனர், சேரிப் பக்கம் போவதற்கு நேரமில்லை என்று சொல்லாதீர்கள். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைத் தாருங்கள். ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். விடுதிக்கு முதன்முதலாகப் போகும் சிறுவனின் கையைப் பிடித்து வாசல்வரை அழைத்துச் செல்லுங்கள். அங்கேயே நின்றுவிடாமல் உள்ளேயும் கூட்டிச் சென்று, நாற்காலியில் அமரச் செய்துவிட்டு வாருங்கள்.

அமர்ந்து படிக்கும் இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். உதவித்தொகையையும் விடுதியையும் பெறுவதற்கு நாணாதீர்கள். அவை உங்கள் உரிமை. அவற்றைப் பெற்றுத் தந்த போராட்டங்களையும், கூரைப் பள்ளிகளையும், அக்கொட்டகைகளில் உழைத்துப் பெயரின்றி மறைந்த உபதேசியார்களையும் படித்துத் தெரிந்து கொள்ளுங்கள். உங்கள் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். இவ்வெள்ளி விழா மலரில் இடம் பெறாத பெயர்கள் அடுத்த மலரில் உங்கள் எழுத்தால் இடம் பெறட்டும்.

எங்கள் தந்தையார் வைத்திருந்த அந்தப் பழைய வாழ்த்து அட்டை ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பின்பக்கத்து எழுத்து மங்கிவிட்டது. ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் அதை எடுத்து எங்கள் பேரப்பிள்ளைகளிடம் காட்டுகிறோம். அனுப்பியவர் யாரென்று அறியோம். அவருக்கும் நன்றி கூறுகிறோம். வராந்தாவில் நின்ற பாட்டனாருக்கும், நடவு நட்ட பாட்டியாருக்கும் அதே மூச்சில் நன்றி கூறுகிறோம். பிறகு பிள்ளைகளைப் புத்தகம் எடுக்கச் சொல்லுகிறோம்.