நம் கல்லூரிப் பிள்ளைகளின் எழுத்தும் பேச்சும்

(யூபிலி விழாவையொட்டிப் பங்கு மன்றத்தில் நடந்த பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். ஒழுக்கம், நேரந்தவறாமை என்று பேசிவிட்டு நான் இறங்கிவிடலாம். நீங்களும் கைதட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் என் மனத்தை உறுத்தும் ஒன்றை இன்று சொல்லியே ஆகவேண்டும். நம் பிள்ளைகள் பலருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது; அதை எழுதத் தெரியவில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோரில் பலர் தறியிலும், லேத்திலும், வார்ப்படப் பட்டறையிலும், பனியன் கம்பெனியிலும் உழைப்பவர்கள். உங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் உங்கள் மகன் அல்லது மகள்தான். பாடம் புரியவில்லை என்றால் டியூஷன் வைக்கிறீர்கள். பிராஜக்ட் ரிப்போர்ட்டை எப்படித் தொடங்குவது, வைவாவில் எப்படிப் பதில் சொல்வது, துறைத்தலைவருக்கு எப்படி ஒரு கடிதம் எழுதுவது என்று கேட்க அந்தப் பிள்ளைக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கடிதம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அக்காளின் திருமணத்துக்கு விடுப்புக் கேட்ட ஒரு மாணவன், ‘அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று எழுதிக் கொடுத்தான். பள்ளியில் மனப்பாடம் செய்த விடுப்புக் கடிதம் அது ஒன்றுதான்! நாம் சிரிக்கிறோம். ஆனால் திருமணம் என்று எழுத அவனுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்தச் சிக்கல் இன்று முளைத்ததன்று. நம் வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தவர். பேச்சுத் தமிழ் வேறு, எழுத்துத் தமிழ் வேறு என்று கண்டு, கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாகத் தனித்தனி இலக்கணம் இலத்தீனில் எழுதினார். 1732-இல் சதுரகராதி தந்தார். வேதியர்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ என்று உரைநடையில் ஒரு நூலே எழுதினார். அவர் கண்ட அந்த இடைவெளி இன்றும் இருக்கிறது. ‘ஏனுங்க, வந்துபோட்டுப் போனாங்க’ என்று வீட்டில் பேசும் கொங்கு நாட்டுப் பிள்ளை, முதலில் எழுத்துத் தமிழுக்கு ஏறவேண்டும்; அங்கிருந்து ஆங்கிலத்துக்குத் தாண்டவேண்டும். இரண்டு படிகளையும் ஒரே எட்டில் தாண்டு என்று நாம் சொல்கிறோம்.

கோவை மாநகர் இதில் முன்னோடி என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். 1960-ஆம் ஆண்டு, நம் பொள்ளாச்சிப் பக்கத்தவரான சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்தபோது, கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் பி.ஏ. வகுப்பைத் தமிழ்வழியில் நடத்திப் பார்த்தார்கள். அதற்கும் முன்பே, 1940-களின் இறுதியில், ஜி. ஆர். தாமோதரன் இந்நகரிலிருந்து ‘கலைக்கதிர்’ என்ற அறிவியல் இதழைத் தொடங்கியிருந்தார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர் அவர். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பொறியியலைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. 2022 மார்ச் முதல் நாள் அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் உண்டு. ஆக, முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அறுபது பேர் இருக்கும் வகுப்பில், ஒருவன் எழுதிய ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1930-களிலேயே இதற்கென்று ஓர் எழுத்துக்கூடம் இருந்தது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1976-இல் தொடங்கிய கூடம் பெயர் பெற்றது. அங்கு நடப்பது பெரிய வித்தையொன்றுமில்லை. மாணவன் தான் எழுதியதைக் கொண்டு வருகிறான். உடன் அமர்பவர் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். ‘இந்த இடத்தில் என்ன சொல்ல வந்தாய்?’ என்று வினவுகிறார். பேனா மட்டும் மாணவன் கையில்தான் இருக்கும். திருத்திக் கொடுக்கும் கடையன்று அது.

இதை நம் ஊரில் நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். மோட்டார் வைண்டிங் செய்பவரின் மகன் ஒருவன், பம்ப்செட் மோட்டார் ஏன் எரிகிறது என்று ஒரு பக்கம் எழுதி வந்தான். ஆங்கிலம் அழகாக இருந்தது. பொருள் கேட்டால் விழித்தான், எங்கிருந்தோ எடுத்தது. ‘உங்கப்பா என்ன சொல்வார், அதைச் சொல்’ என்றேன். ‘வோல்டேஜ் கொறஞ்சா, அதே லோடுக்கு மோட்டார் கரண்ட் அதிகமா இழுக்குமுங்க. காயில் சூடாகி வார்னிஷ் கருகிப் போகுமுங்க’ என்றான். இதற்குமேல் என்ன வேண்டும்? காரணம், விளைவு, வரிசை எல்லாம் அதில் இருக்கின்றன. அதையே மூன்று தமிழ் வாக்கியங்களாக எழுதச் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றையும் சிறிய ஆங்கில வாக்கியமாக்கினோம். முக்கால் மணி நேரம் பிடித்தது. வைவாவில் அவனால் தலைநிமிர்ந்து பேச முடிந்தது, ஏனெனில் அந்தப் பக்கம் அவனுடையது.

காசு கொடுத்தால் பிராஜக்டை அச்சடித்து, பைண்டு செய்தே தருகிற இடங்கள் நகரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். வட்டிக்கு வாங்கியாவது கொடுத்திருக்கும் தாய்மார்கள் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். இப்போது அந்தச் செலவும் வேண்டாம். கைப்பேசியில் கேட்டால் செயற்கை அறிவுச் செயலி கட்டுரையை ஒரு நொடியில் கொட்டுகிறது. அது ஒரு கருவி. சந்தேகம் கேட்கலாம், சொல்லுக்குப் பொருள் கேட்கலாம். ஆனால் நேர்முகத் தேர்வு அறைக்குள் அது கூட வராது. அன்றியும் சட்டம் ஒன்று உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருப்பது 10 சதவீதம் வரை என்றால் தண்டனையில்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு தடை. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. பி.எச்டி. என்று கனவு காணும் பிள்ளைகள் இதை இளங்கலையிலேயே அறிந்துகொள்வது நலம்.

‘ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைத்தால் போதாதா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது என்பது என் கருத்து. ‘மை நேம் இஸ், மை நேட்டிவ் இஸ்’ என்று எல்லாரும் ஒரே ராகத்தில் ஒப்பிக்கக் கற்பார்கள். சொல்வதற்கென்று சொந்தமாக ஒன்று இருந்தால்தானே பேச்சு வரும்?

எனவே பங்குப் பேரவையிடம் ஒரு விண்ணப்பம். மன்றத்தின் பின்னறையில் இப்போது திருமணப் பாத்திரங்கள் அடுக்கியிருக்கின்றன. மன்ற வாடகைதான் பங்குக்கு வருமானம், பாத்திரங்களை எங்கே வைப்பது என்று பொருளாளர் கேட்பார், நியாயமான கேள்வி. ஓர் அலமாரி செய்தால் சுவரோரம் அடங்கிவிடும் என்று தச்சு வேலை தெரிந்த நம் பங்கினர் ஒருவர் அளந்தே சொல்லிவிட்டார். செவ்வாய், வெள்ளி மாலை 6 முதல் 8 வரை அறை கிடைத்தால் போதும். திருமணம் உள்ள நாளில் வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவர் வர இசைந்திருக்கிறோம். சகோதரிகளில் ஒருவரும் வருகிறேன் என்றிருக்கிறார்கள். மாணவிகள் தயங்காமல் வர அது உதவும். மதம் கேட்கமாட்டோம், கட்டணம் கேட்கமாட்டோம். எழுதித் தரவும் மாட்டோம்.

நீண்ட மேசை இரண்டு, நல்ல விளக்கு இரண்டு, ஆங்கிலம் – தமிழ் அகராதி ஒன்று, கலைச்சொல் அகராதி ஒன்று வேண்டும். பழைய மேசை வைத்திருப்பவர்கள் பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் சொல்லுங்கள். மாணவர்கள் முதல் நாள் வரும்போது, தப்பும் தவறுமாக இருந்தாலும், தாங்களே எழுதிய ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்.