தத்தும் கடவுச்சீட்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் அறிஞர் பெருமக்கள் குறளையும் கம்பனையும் எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இன்று ரயில்வே எழுத்தர் குடும்பத்தினராகிய எங்களையும் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். சட்டம் பயின்றவர்கள் அல்லோம். ஆயினும் எங்கள் இல்லத்தில் நடந்ததைக் கூறினால் இக்காலனியில் சிலருக்கேனும் பயன்படும் எனக் கருதுகிறோம். “வெளிநாட்டில் இருக்கும் உறவினர் நம் பிள்ளையைத் தத்தெடுத்துக்கொண்டால், பிள்ளைக்கு அந்நாட்டில் வாழும் உரிமை கிடைத்துவிடுமா?” என்னும் வினா நம்மில் பலருடைய வீடுகளில் இரவுச் சாப்பாட்டிற்குப் பின் எழுவதை நாங்கள் அறிவோம். எங்கள் வீட்டிலும் எழுந்தது.

அது 2019ஆம் ஆண்டு. எங்கள் மகனுக்கு அப்போது வயது 14. துணைவியாரின் தமையனார் பல ஆண்டுகளாக அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வாழ்பவர். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். அவருக்கு ஒரே மகள். ஒருநாள் தொலைபேசியில், “பையனை எனக்குத் தத்துக் கொடுத்துவிடுங்கள். இங்கே படிக்கட்டும். பேருக்குத்தான் தத்து, பிள்ளை என்றும் உங்கள் பிள்ளைதான்” என்றார். அன்பினால் சொன்னார், ஐயமில்லை.

அவர் அவ்வாறு கூறியதற்குக் காரணமும் இருந்தது. அமெரிக்கக் குடிமகன் தன் உடன்பிறந்தாளுக்காகக் குடியேற்ற விண்ணப்பம் இடலாம். ஆனால் இந்தியர்க்கு அந்த வரிசையில் முறை வர 15 ஆண்டுக்கும் மேலாகிறது. அதற்குள் பிள்ளைக்கு 21 வயது கடந்துவிட்டால், பெற்றோருடன் சேர்ந்து செல்லும் உரிமை பெரும்பாலும் போய்விடும். ஆகவே தத்து என்பது குறுக்குவழியாகத் தோன்றியது.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. தத்துப் போகும் பிள்ளைக்கு 15 வயது நிறைந்திருத்தல் ஆகாது. வேறு வழக்கம் உள்ள குலங்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. மகனைத் தத்தெடுப்பவர்க்கு வேறு மகன் இருத்தல் ஆகாது. பிள்ளையை மெய்யாகவே கொடுத்து வாங்க வேண்டும். தத்த ஹோமம் கட்டாயம் அன்று. இவையெல்லாம் எங்களுக்குப் பொருந்தின. மகனுக்கு 15 நிறையச் சில மாதங்களே இருந்தன. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிய நாள்கூடப் பார்த்துவிட்டோம். அந்த அவசரத்தில்தான், கையொப்பம் இடுமுன் விதிகளை ஒருமுறை படித்துவிடுவோம் என அமர்ந்தோம். கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதக்கூடாது என்பது அலுவலகம் எங்களுக்குக் கற்பித்த பாடம்.

படித்ததில் மூன்று செய்திகள் எங்களை நிறுத்தின.

முதலாவது, ஹேக் நகரில் 1993இல் உருவான நாடுகளிடைத் தத்தெடுப்பு உடன்படிக்கை. அது இந்தியாவில் 2003 முதலும் அமெரிக்காவில் 2008 முதலும் நடைமுறையில் உள்ளது. அதன்படி, தத்தெடுக்க விரும்புபவர் தகுதியுடையவர் என்பதை அவர் நாட்டு அரசு முதலில் ஆராய்ந்து ஒப்ப வேண்டும். நம் நாட்டில் ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையம் இசைவு தர வேண்டும். அதன் பின்னரே தத்து. நாங்கள் செய்ய முனைந்ததோ, முதலில் பத்திரம், பின்பு விண்ணப்பம் என்பது. சிக்னல் விழுமுன் வண்டியை எடுப்பதற்கு ஒப்பானது அது. அத்தகைய பத்திரத்தைக் காட்டி விசா பெற இயலாது என்பது மட்டுமன்று. பின்னர் முறைப்படி செல்லவும் அதுவே தடையாகிவிடக்கூடும்.

இரண்டாவது, எங்கள் நெஞ்சைச் சுட்டது. தாயும் தந்தையும் உயிருடன் இருக்கும் பிள்ளையாயின், அவர்கள் அப்பிள்ளையைத் தக்கவாறு பேண இயலாதவர்களாக இருத்தல் வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், ரயில்வே மருத்துவமனை எல்லாம் உடைய நாங்கள், “எங்கள் மகனைக் காக்க எங்களால் இயலாது” என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொய். பொய்யின்மேல் கட்டிய குடியுரிமை எந்நாளும் நிலைக்காது. பிடிபட்டால் அப்பழி பிள்ளையின் தலைமேல் விழும்.

மூன்றாவது, ‘பேருக்குத் தத்து’ என்று ஒன்று இல்லை. தத்தெடுத்த நாள் முதல் பிள்ளை பிறந்த வீட்டு உறவு அறுந்து புகுந்த வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறான் என்று நம் 1956ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. முறையாக நடந்த தத்தைப் பின்னர் எவரும் மாற்ற முடியாது. அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டமோ, தத்துப் போன பிள்ளையைக் கொண்டு பெற்ற தாய் தந்தையர் குடியேற்றப் பயன் எதுவும் அடைய முடியாது என்று கதவைச் சாத்துகிறது. “நாளை அவன் நம்மை அழைத்துக்கொள்வான்” என்று எண்ணியிருப்போர் இதனை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். நம் உறவுமுறையில் மாமன் மகள் முறைப்பெண் ஆவாள். மாமனுக்கே மகனாகிவிட்டால் அவள் தங்கை ஆகிவிடுகிறாள். ஒரு கையொப்பம் இத்தனை உறவுகளையும் மாற்றி எழுதிவிடும்.

இவற்றை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது மகன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அருகில் வந்து, “அப்படியானால் இந்த ஆண்டு ஊருக்குப் போகும் பாஸில் என் பெயர் இருக்காதா, அப்பா?” என்று கேட்டான். துணைவியார் எழுந்து சமையலறைக்குச் சென்றுவிட்டார். பத்திரத்திற்குப் பார்த்த நாள் அவ்வாறே கடந்து போயிற்று. தமையனார் வருந்தினார், சில மாதங்கள் பேச்சுவார்த்தைகூட இல்லை.

அன்பர்களே! கதை இத்துடன் முடிந்திருந்தால், தத்து வேண்டாம் என்று கூறி அமர்ந்திருப்போம். ஆனால் 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில், தஞ்சையில் இருந்த துணைவியாரின் தங்கையும் அவர் கணவரும் பத்து நாள் இடைவெளியில் காலமானார்கள். ஒன்பது வயதுப் பெண் குழந்தை எழுபது வயதுப் பாட்டியிடம் நின்றது. அப்போது நியூ ஜெர்சியிலிருந்து தமையனாரும் அவர் மனைவியும் ஒரே குரலில், “குழந்தையை நாங்கள் வளர்க்கிறோம்” என்றனர்.

முன்பு படித்த அதே விதிகளை மீண்டும் எடுத்தோம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மகள் உள்ளவர் இன்னொரு பெண்ணைத் தத்தெடுக்க இயலாது. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் அத்தடை இல்லை. மாமன் தத்தெடுக்கத் தக்க உறவினன் என்றே அது குறிக்கிறது. அவ்வழியே சென்றோம். அங்கே அவர்கள் இல்லத்தையும் வருவாயையும் ஆராய்ந்து அறிக்கை எழுதினர். இங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு குடும்ப நிலையை விசாரித்தது. பாட்டியார் கொடுக்கும் இசைவுக்குக் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டியிருந்தது. ஐந்து வயது நிறைந்த குழந்தையாயின் அதன் சம்மதமும் வேண்டும். அவளைத் தனியே அமர்த்திக் கேட்டார்கள். முதல் நாள் அவள் வாய் திறக்கவில்லை, இரண்டாம் முறை, “பாட்டியை வந்து பார்க்கலாமா?” என்று கேட்டபின் சம்மதித்தாளாம். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட நிர்வாகத்திற்கு மாறியிருந்ததால், ஆணை ஆட்சியரிடமிருந்து வந்தது. பின்பு காராவின் சான்று, கடவுச்சீட்டு, விசா. தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

2023இல் அவள் புறப்பட்டாள். அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டுக் குழந்தைகள் குடியுரிமைச் சட்டத்தின்படி, 18 வயதிற்கு உட்பட்ட தத்துக் குழந்தை நிரந்தரமாக வாழும் விசாவுடன், குடிமகனான தத்துப் பெற்றோருடன் வாழ அந்நாட்டில் நுழைந்ததும் குடியுரிமை பெற்றுவிடுகிறது. ஒரு பொய்யும் எழுதாமல், எவருக்கும் அஞ்சாமல் அவள் அந்நாட்டுக் குடிமகள் ஆனாள். தாளில் தந்தை என எழுதப்பட்டவரை அவள் இன்னும் ‘மாமா’ என்றே அழைக்கிறாள். அவரும் திருத்தவில்லை.

அதே மாமன், அதே சட்டம். எங்கள் மகனுக்கு வீடு இருந்தது, அவளுக்கு இல்லை. சட்டம் கேட்ட கேள்வி அது ஒன்றே என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

ஆகவே, இவ்வினா உங்கள் இல்லத்தில் எழுமாயின் சில செய்திகளை மறவாதீர்கள். அமெரிக்காவைப் பொறுத்தவரை, விண்ணப்பம் பிள்ளைக்கு 16 வயது நிறையுமுன் சேர வேண்டும். முன்னரே தத்தெடுக்கப்பட்ட பிள்ளையின் உடன்பிறந்தார்க்கு மட்டும் 18 வரை இடம் உண்டு. கிரீன் கார்டு மட்டும் உடையவர் இவ்வழியில் விண்ணப்பிக்க இயலாது, குடிமகனே இயலும். இசைவுகள் கிடைக்குமுன் பத்திரம் பதியாதீர்கள். தத்துக்காகப் பணம் கொடுப்பதும் பெறுவதும் நம் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். பிற நாடுகளுக்கு விதிகள் வேறு. அந்நாட்டு விதியை முதலில் கேட்டறியுங்கள்.

தத்து என்பது குழந்தைக்கு வீடு தேடித் தரும் வழி. வீடு உள்ள குழந்தைக்கு விசா தேடும் வழி அன்று. உறவினர் அன்பைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அந்த அன்பு தேவைப்படும் குழந்தை நம் சுற்றத்தில் ஒன்று இருக்குமாயின், தயங்காமல் முறைப்படி கை கொடுங்கள்.

எங்கள் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். சற்று முன் இம்மண்டபத்தில் உங்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்களில் அவனும் ஒருவன்.