நீலக்கண் விருந்தினர்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



உலகப் பொதுமை பற்றிப் பேசப் புகுவோர் புறநானூற்றின் 192-ஆம் பாட்டிலிருந்து தொடங்குவது தமிழ் மேடையின் வழக்கம். கணியன் பூங்குன்றனாரின் அந்த முதலடியை அறியாதார் இவ்வவையில் இரார். ஆதலின் அதனைத் திரும்பச் சொல்லாமலே மேற்செல்லலாம். பள்ளி ஆண்டுவிழாக்களில் பத்து வயதுப் பிள்ளைகள் அதைத் தடையின்றி ஒப்பிக்கிறார்கள், பெரியவர்கள் கைதட்டுகிறார்கள், பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர் கிடைக்கிறது. பிறர்பால் அன்பு கொள்ளக் கற்பிக்கும் வேலை அத்துடன் நிறைவேறிவிட்டதாகவும் கருதப்படுகிறது. அவ்வாறு கருதுவது தகுமா என்பதை ஆராய, அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையே 1927-இல் நிகழ்ந்த ஒன்று துணைசெய்யும். அது பொம்மைகள் கப்பலேறிய கதை.

சிட்னி குலிக் என்பவர் அமெரிக்கக் கிறித்தவ சமயத் தொண்டர். 1888 முதல் 1913 வரை ஜப்பானில் வாழ்ந்தவர்; அந்நாட்டு மொழியில் சரளமாகப் பேசவும் கற்பிக்கவும் வல்லவர். தாயகம் திரும்பியபோது, அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஜப்பானியருக்கு எதிரான வெறுப்பு வளர்ந்திருக்கக் கண்டார். அவர்கள் நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 1913-லேயே வந்துவிட்டது. ஜப்பானியர் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று உச்சநீதிமன்றம் 1922-இல் தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டுகளில் அத்தீர்ப்பின்மீது ஒரு சட்டம் கட்டப்பட்டது: குடியுரிமை பெறத் தகுதியற்றவர் நாட்டில் குடியேறவும் ஆகாது என்றது 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். ஜப்பான் என்னும் பெயரைச் சொல்லாமலே ஜப்பானியருக்குக் கதவை அடைத்த சொல்திறம் அது. இத்தகைய போக்கை எதிர்த்துப் பல்லாண்டுகள் எழுதியும் பேசியும் வந்த குலிக் தோற்றார். பெரியவர்களிடம் தோற்றவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

ஜப்பானில் மார்ச் 3-ஆம் நாள் சிறுமியருக்கான பொம்மைத் திருநாள். ஹினமத்சுரி என்பது அதன் பெயர். தமிழ் வீடுகளின் நவராத்திரிக் கொலுவைப் போலவே படிகள் அமைத்து, சிவப்புத் துணி விரித்து, மேற்படியில் பேரரசரையும் பேரரசியையும், கீழ்ப்படிகளில் பணிப்பெண்களையும் இசைவாணரையும் வைப்பார்கள். அந்தக் கொலுவுக்கு அமெரிக்கப் பிள்ளைகள் பொம்மைகளை விருந்தினராக அனுப்பினால் என்ன என்று குலிக் எண்ணினார். 1926-இல் அதற்கெனக் குழு ஒன்று அமைந்தது. நாடெங்கும் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் சிறுமியர் காசு சேர்த்துப் பொம்மை வாங்கி, தாமே உடை தைத்து அணிவித்தனர். சாய்த்தால் கண் மூடி ‘மாமா’ என்று குரல் கொடுக்கும் பொம்மைகள் அவை. அம்மாவை அழைக்கும் குழந்தைச் சொல் அங்கு அதுவே. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சீட்டு, ஒரு பயணச்சீட்டு, ஒரு கடிதம். அவற்றை வழியனுப்பப் பிரிவுபசார விழாக்களும் நடந்தன. இவ்வாறு கடல் கடந்த பொம்மைகள் 12,739.

ஜப்பானில் அவற்றை வரவேற்கும் பொறுப்பை ஏற்றவர் ஷிபுசாவா ஐச்சி. நாட்டின் நவீனத் தொழில் வளர்ச்சிக்கு வித்திட்டவர். அப்போது எண்பத்தாறு வயதைக் கடந்த முதியவர். (2024 முதல் ஜப்பானின் பத்தாயிரம் யென் தாளில் இருப்பது இவருடைய முகமே.) பொம்மைகள் தொடக்கப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. ‘நீலக்கண் பொம்மை’ என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. கைம்மாறு செய்யாமல் இருப்பது ஜப்பானியர் பண்பன்று. பள்ளிச் சிறுமியர் சுமார் 26 இலட்சம் பேர் ஆளுக்கு ஒரு சென், அதாவது யென்னின் நூற்றில் ஒரு பங்கு, கொடுத்தனர். அந்தக் காசில் தேர்ந்த கைவினைஞர்கள் 58 பெரிய பொம்மைகளைச் செய்தனர். பட்டுக் கிமோனோ உடுத்து, சிறு தேநீர்க் கலங்களும் பெட்டிகளும் சூழ, 1927 நவம்பரில் அவை சான் பிரான்சிஸ்கோவில் இறங்கின. பல நகரங்களில் அவற்றுக்கு வரவேற்பு விழாக்கள் நடந்தன. பிறகு அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் இடம்பெற்றன.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கிமோனோ உடுத்த பொம்மைக்குத் திறந்த துறைமுகம், அதைச் செய்த கைவினைஞர் தம் குடும்பத்துடன் குடியேற வந்திருந்தால் திறந்திராது. 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓர் எழுத்தும் மாறவில்லை. அத்தடை நீங்க 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குழந்தைகளின் நேர்மையில் ஐயமில்லை. ஊசி குத்திய விரல்களுடன் அவர்கள் தைத்த சட்டைகள் உண்மையானவை. ஆயினும் தாம் செய்யத் தவறியதைப் பெரியவர்கள் பிள்ளைகளின் கையில் கொடுத்து அனுப்பினார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. எட்டு வயதுச் சிறுமி சட்டத்தைத் திருத்த இயலாது. பொம்மைக்குத் தலைவாரிவிடத்தான் இயலும்.

1927-இல் எட்டு வயதாயிருந்த பிள்ளைக்கு, பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட 1941 டிசம்பரில் வயது இருபத்திரண்டு. பொம்மைத் தலைமுறையே போர்த் தலைமுறையாயிற்று. அமெரிக்காவில் 1942-இல் தொடங்கி ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். அதற்கு அந்நாடு 1988-இல்தான் மன்னிப்புக் கேட்டது. உயிருடன் இருந்தோர்க்குத் தலைக்கு 20,000 டாலர் வழங்கியது.

ஜப்பானிலோ, பள்ளிகளில் இருந்த நீலக்கண் பொம்மைகள் பகைவராயின. எரித்தார்கள், மூங்கில் ஈட்டியால் குத்தினார்கள். 1943 பிப்ரவரியில் மைனிச்சி நாளிதழில் வந்த ஒரு செய்தி, படிப்போர் நெஞ்சை இன்றும் வருத்தும். வடபகுதியான அவோமோரியில் ஒரு பள்ளிப் பிள்ளைகளிடம், இந்தப் பொம்மையை என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள். எரிக்கலாம், உடைக்கலாம் என்பனவே பெரும்பான்மை விடைகள். கடலில் எறியலாம் என்றோரும் உண்டு. அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று சிலர் சொன்னார்களாம். அவர்களே அங்கு இரக்கமுடையோர். அந்தப் பிள்ளைகள் கொடியவராய்ப் பிறந்தவரல்லர். என்ன விடை சொன்னால் ஆசிரியர் முகம் மலரும் என்பதை எல்லாக் காலத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். 1927-இல் பூங்கொத்துடன் நின்ற பிள்ளைகளும் அதனை அறிந்திருந்தார்கள். அன்பும் வெறுப்பும் அதே வகுப்பறையில், அதே மேசைக்குப் பின்னின்று கற்பிக்கப்பட்டன.

வள்ளுவரின் அதிகார வைப்புமுறை இங்கு எண்ணத்தக்கது. பிறர் துயர் கண்டு கசியும் பண்புக்குத் தமிழ் தந்த சொற்களுள் அழகியது கண்ணோட்டம். அது மென்மையான பண்பாயிற்றே, இல்லறவியலில் இருக்கும் என்று தேடுவோர் ஏமாறுவர். அருளுடைமை 25-ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் நிற்க, கண்ணோட்டமோ 58-ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில், அரசியலில் நிற்கிறது. அதற்கு முன்னே செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை. அடுத்து வருவது ஒற்றாடல். ஆள்வோனுக்கும் அதிகாரம் உடையோனுக்கும் வேண்டிய பண்பாகவே, வரிக்கும் தண்டனைக்கும் உளவுக்கும் நடுவே, வள்ளுவர் அதனை வைத்தார். குழந்தைப் பாடப் பகுதிக்கு அதனைத் தள்ளிவிட்டவர்கள் பிற்காலத்தவரே.

அந்தக் கண்ணோட்டம் ஜப்பானில் முற்றும் அற்றுப்போகவில்லை. சில பள்ளிகளில் ஆசிரியர்களும் ஊழியர்களும் பொம்மையை ஒளித்து வைத்தார்கள். கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே, பண்டக அறையின் மூலையில், அலமாரியின் பின்னால். அது சிறு செயலன்று. பகைநாட்டுப் பொருளைக் காத்தவர் என்னும் பழி அக்காலத்தில் எளிதில் சுமக்கக்கூடியதாய் இல்லை. அண்டை வீட்டாரே காட்டிக்கொடுக்கும் காலம் அது. மேடையில் உலக ஒற்றுமை பேசுவதற்கும், இரவில் விளக்கைத் தணித்து ஒரு பொம்மையைத் துணியில் சுற்றுவதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. போரை நிறுத்த அவர்களால் இயலவில்லை. வகுப்பறையில் அவர்களும் அரசு சொன்னதையே கற்பித்திருக்கக்கூடும். ஆயினும் ஒரு கட்டளைக்குக் கை மறுத்தது.

போர் முடிந்த பின்னும் அவர்கள் அதைப் பறைசாற்றவில்லை. 1973-இல் குன்மா மாவட்டத்தில் எஞ்சிய ஒரு பொம்மையைப் பற்றி ஜப்பானியத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி ஒன்று வந்தது. அதன் பின்னரே, எங்கள் பள்ளியிலும் உண்டு, எங்கள் ஊரிலும் உண்டு என்று செய்திகள் வரலாயின. 12,739-இல் இதுவரை கிடைத்தவை முந்நூற்றுக்குச் சற்று மேல். அமெரிக்காவுக்குச் சென்ற 58-இல் நாற்பதுக்கும் மேற்பட்டவை தேடிக் காணப்பட்டுள்ளன. போர்க்காலத்தில் காட்சியிலிருந்து அகற்றப்பட்டவையும் அவற்றுள் உண்டு. சில, பழுது நீக்கப்பெறத் தாய்நாடு சென்று மீண்டன.

குலிக் 1945-இல், போர் முடிந்த அதே ஆண்டில் மறைந்தார். தம் பொம்மைகளில் எவையேனும் பிழைத்தன என்னும் செய்தி வெளிவரும் முன்னரே போய்விட்டார். அவர் பெயரையே தாங்கிய பேரன், கணிதப் பேராசிரியர், 1980-களிலிருந்து ஜப்பானியப் பள்ளிகளுக்குப் புதிய பொம்மைகளை அனுப்பத் தொடங்கினார். பாட்டனார் செய்தது போலவே கடவுச்சீட்டுடன்.

பழைய பொம்மை எஞ்சிய பள்ளிகள் சிலவற்றில், மார்ச் மாதக் கொலுவின்போது அதையும் வெளியே எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். யார் தைத்தனுப்பிய சட்டை என்பதைச் சில இடங்களில் உடன்வந்த கடிதம் சொல்கிறது. ஒளித்து வைத்தவர் யார் என்பதைச் சொல்லப் பல இடங்களில் ஒரு துண்டுத் தாளும் இல்லை. எழுதி வைத்திருந்தால் அகப்பட்டிருப்பார்.