பஸ்ஸா, வீடா? - ஒரு பாலிசி தேடிய கதை
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சொந்த அனுபவமா ஏதாவது பேசுப்பா, தத்துவம் வேணாம்" என்று செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே இன்சூரன்ஸ் பற்றிப் பேசப் போகிறேன். எழுந்து போகாதீர்கள், இதில் ஒரு பஸ்ஸும் வருகிறது.

நான் மெக்கானிக்கல். சைதாப்பேட்டைவாசி. எங்கள் செட்டில் நாலு பேர் இன்னும் ஒட்டிக்கொண்டு இருக்கிறோம். நாலு பேர் வீட்டிலும் பெரியவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு ராமேஸ்வரம் போகணும், கும்பகோணம் பக்கம் நவக்கிரகக் கோயில்கள் பார்க்கணும். ஆனால் என் அம்மாவுக்கு முட்டி வலி; இன்னொருவன் அப்பாவுக்கு மணிக்கொரு தரம் பாத்ரூம். வழியில் எங்கே நிறுத்துவது? அப்போதுதான் யோசனை பிறந்தது: ஒரு பஸ்ஸை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில், சமையல் மேடை, டாய்லெட் எல்லாம் வைத்து ஓடும் வீடாக்கினால் என்ன?

இது புது யோசனை அல்ல. 1982ல் என்.டி. ராமாராவ் பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றி, 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்து ஆந்திரா முழுக்கச் சுற்றினாரே! அமெரிக்காவில் பழைய ஸ்கூல் பஸ்ஸை வீடாக்கி அதற்கு 'ஸ்கூலி' என்றே செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மூரிலோ கோடம்பாக்கத்துக் கேரவன்களைத் தெரியாதவர் இல்லை.

"ஏலத்துல அரசு பஸ் சல்லிசா வருமேடா" என்றான் ஒருவன். வரும். ஆனால் 15 வருடம் முடிந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது, புதுப்பிக்கவும் முடியாது. அது காயலான் கடைக்கு மட்டும்தான். சரி, தனியார் ஆம்னி பஸ் ஒன்று விலைக்கு வந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

முதலில் போன ஆபீஸில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். படத்தை எல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது பஸ்ஸா, வீடா? பஸ்ஸுன்னா பர்மிட் எங்கே? வீடுன்னா டோர் நம்பர் எங்கே?" எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது ஆபீஸில், "ஆர்.சி.யில என்ன இருக்கோ அதுக்குத்தான் சார் பாலிசி" என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு ஏஜெண்ட், "பஸ்ஸுன்னே போட்டுடலாம், உள்ளே என்ன இருக்குன்னு யார் பார்க்கப் போறா?" என்றார்.

இந்த மூன்றாவது பேச்சில்தான் எங்கள் நால்வருக்குள் சண்டை வந்தது. "அவர் சொல்றது சரிதான் மச்சான், ஊரே அப்படித்தான் ஓட்டுது" என்றான் ஒருவன். இரண்டு நாள் பேச்சு வார்த்தையே இல்லை.

நான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே 2019ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதத்தைக் கட்டிவிடலாம். பயம் அதுவல்ல. நம் வண்டி ஒருவர் மேல் மோதி உயிர்ச்சேதம் ஆனால், நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. அதனால்தான் மூன்றாம் நபர் காப்பீடு எல்லா வண்டிக்கும் கட்டாயம். பாலிசியில் சொன்ன வண்டி வேறு, ரோட்டில் ஓடிய வண்டி வேறு என்று கம்பெனி வாதாடினால்? 2004ல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது டிரைவரின் லைசென்ஸ் குறை பற்றி. அங்கே கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக் கொள்ளும் வழி உண்டு. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அது நல்லதுதான். ஆனால் அப்படி ஒரு வசூல் நம் பக்கம் திரும்பினால் எதை விற்பது? அப்பா கட்டின சைதாப்பேட்டை வீட்டையா? ஓடுகிற வீட்டுக்காக நிற்கிற வீட்டை இழப்பதா? இதைச் சொன்ன பிறகுதான் நண்பன் மனம் மாறினான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பஸ்ஸின் மூன்றாம் நபர் பிரீமியம், அடிப்படைத் தொகையோடு சீட்டுக்கு இவ்வளவு என்று கூடும். உள்ளே ஆறு பேர்தான் உட்காருகிறோம்; ஆர்.சி.யில் நாற்பது சீட் இருந்தால் நாற்பதுக்கும் கட்ட வேண்டும்!

சரி, நேர் வழி என்ன? நம் சட்டத்திலேயே 'மோட்டார் கேரவன்' என்று ஒரு வகை இருக்கிறது. அதன் பாடிக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரம் இருக்கிறது. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையங்கள் இருக்கின்றன. பழைய ஆம்னி பஸ்ஸை இந்த வழியில் கொண்டுவருவது குதிரைக் கொம்பு என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டோம். சின்ன பஸ் சேஸிஸ் ஒன்றைப் புதிதாக வாங்கி, ஒப்புதல் பெற்ற பாடி கட்டுபவரிடம் கொடுத்தோம். எட்டு மாதம் ஆயிற்று. ஆர்.சி.யில் 'மோட்டார் கேரவன்' என்று அச்சாகி வந்த பிறகு அதே முதல் அதிகாரியிடம் போனேன். "இப்போ இதுக்குப் பேர் இருக்கு. பேர் இருந்தா பாலிசியும் இருக்கு" என்றார்.

உங்களில் யாருக்காவது இந்த ஆசை வந்தால், நாங்கள் கற்றதைச் சொல்கிறேன்.

ஒன்று, முதலில் ஆர்.டி.ஓ., பிறகு இன்சூரன்ஸ், கடைசியில்தான் வெல்டிங். வரிசை மாறக் கூடாது.

இரண்டு, சோலார் பலகை, இன்வெர்ட்டர், ஏ.சி. இவற்றைப் பில்லோடு பட்டியல் போட்டு பாலிசியில் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கூடுதல் பிரீமியம் உண்டு. பாத்திரம், துணிமணி, டி.வி. போன்ற வீட்டுச் சாமான்களுக்கு மோட்டார் பாலிசி பொறுப்பேற்காது.

மூன்று, எடை. 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் 300 கிலோ. அதை மேலே வைத்தால் வளைவில் வண்டி சாயும். எங்கள் வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும்படி பார்த்துக் கொண்டோம். அதனால் நாலு பேரும் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். முழு நீள பஸ் என்றால் கனரக லைசென்ஸ் வேண்டும்.

நான்கு, வாடகைக்கு விடாதீர்கள். சொந்த உபயோகம் என்று பாலிசி எடுத்த வண்டியை வாடகைக்கு விட்ட ஒரு வழக்கில், 2010ல் உச்ச நீதிமன்றம் ஒரு பகுதித் தொகையாவது கொடுக்கச் சொன்னது. அதற்கே அவர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

ஐந்து, வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி, மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்தையே நிறுத்தியதை சைதாப்பேட்டைக்காரன் மறக்க மாட்டான். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குக் காலணா கிடைக்காது. முழு பாலிசி எடுங்கள். எடுத்தாலும், தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். அந்தச் செலவைச் சாதாரண பாலிசி ஏற்காது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆறு, கம்பெனி நியாயமில்லாமல் கைவிரித்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

மாணவத் தம்பி தங்கைகளே, நமக்குப் பாடத்தில் டார்க் சொல்லிக் கொடுத்தார்கள், ஸ்ட்ரெஸ் சொல்லிக் கொடுத்தார்கள். நாம் செய்யும் பொருளுக்கு வெளியே ஒரு மனிதன் ரோட்டைக் கடக்கிறான் என்பதை இந்தப் பாலிசி தேடலில்தான் நான் நன்றாக உணர்ந்தேன். அவனுக்கும் பதில் சொல்லும்படி நாம் டிசைன் பண்ண வேண்டும். காகித வேலை என்று நாம் அலுத்துக்கொள்வதில் பாதி, அவனுக்காக எழுதப்பட்டதுதான்.

போன தை மாதம் எட்டுப் பெரியவர்களையும் இரண்டு நடையாக ராமேஸ்வரம் அழைத்துப் போய் வந்தோம். ஆறு சீட்டுக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றவில்லை. வண்டி வெளியேதான் நிற்கிறது, சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள். செருப்பை மட்டும் கழற்றிவிட்டு ஏறுங்கள், அது வீடு.