ஊறவைத்த புகை

(லண்டன் ஈஸ்ட்ஹாமில் கடைச் சிப்பந்திகளான தமிழ் இளைஞர்கள் கூட்டிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் சாமியைப் பற்றியதல்ல, சாதியைப் பற்றியதுமல்ல. வேப் என்கின்ற மின்சாரப் புகைக்குழலில் ஊற்றும் திரவத்தை வாங்கியவுடன் உபயோகிக்கலாமா, அல்லது சில வாரங்கள் இருட்டில் ஊறப்போட்டுப் பிறகு எடுத்தால்தான் ருசி வருமா என்பதே கேள்வி. இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். பெரிய மூடநம்பிக்கை என்று தனியாக ஒன்று வானத்திலிருந்து குதிப்பதில்லை. இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்களில் கேள்வி கேட்காமல் தலையாட்டிப் பழகினவனே பெரிய விஷயத்திலும் தலையாட்டுகிறான்.

முதலில் நம் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறோம். நாம் ரசாயனம் படித்தவரல்ல. பள்ளிக்கூடத்தில் நாம் இருந்த காலம் சொற்பம். மற்றதெல்லாம் வாசகசாலையில் உட்கார்ந்தும், விவரம் அறிந்தவர்களைத் தொந்தரவு செய்தும் தெரிந்துகொண்டது. ஆகவே நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அன்றியும், நாம் புகைப்பவரல்ல. புகைக்காதவர்களுக்கு இந்தக் குழலைச் சிபாரிசு செய்ய வந்தவருமல்ல. இந்தியாவில் 2019ஆம் வருஷச் சட்டப்படி இதைச் செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விற்பனைக்காகச் சேமித்து வைப்பதும் குற்றம். ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு போய் அவஸ்தைப்பட வேண்டாம்.

இந்தத் தேசத்திலோ சட்டம் வேறு. சிகரெட்டை விடுவதற்கு இது ஒரு வழி என்று இங்குள்ள வைத்திய இலாகாவினரே சொல்லுகிறார்கள். தீங்கு சிகரெட்டைவிடக் குறைவு என்றுதான் அவர்கள் சொல்லுவதே தவிர, தீங்கே இல்லை என்று சொல்லவில்லை. உபயோகித்து எறிந்துவிடும் ஒருமுறைக் குழல்களை விற்பது 1-6-2025 முதல் தடுக்கப்பட்டுவிட்டபடியால், ஜனங்கள் இப்போது புட்டி வாங்கி ஊற்றிக்கொள்ளும் பக்கம் அதிகமாய் வருகிறார்கள். புட்டி வந்தால் புட்டியைப் பற்றிய புராணமும் கூடவே வருகிறது.

இக்கூட்டத்தைக் கூட்டியதற்குக் காரணமான சம்பவத்தைச் சொல்லுகிறோம். பேர் வேண்டாம்; ஒரு தம்பி. பன்னிரண்டு வருஷ சிகரெட் பழக்கத்தை விட்டுவிட வேண்டுமென்று குழலுக்கு மாறினார். வாங்கின புட்டியில் வாசனை மட்டமாக இருந்தது. கடையில் போய்க் கேட்டால், அங்கிருந்த பெரியவர், "தம்பி, போத்தல் இன்னும் ஊறேல்லை. ஒரு மாதம் இருட்டிலை வையும், பிறகு பாரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தம்பியும் பக்தியோடு அலமாரிக்குள் வைத்துவிட்டார். அந்த ஒரு மாதம் என்ன செய்தார் என்கிறீர்கள்? பழையபடி சிகரெட் குடித்தார்! புட்டி பழுப்பதற்காகக் காத்திருந்த மனிதருடைய நுரையீரலுக்குக் கிடைத்தது நாலு வாரத் தாரும் கரிப்புகையும். இதைக் கேட்ட பிறகும் இது சில்லறை விஷயம் என்று நம்மால் விட்டுவிட முடியவில்லை.

அந்தத் திரவத்தில் இருப்பது என்ன? பிரொப்பிலீன் கிளைக்கால் என்று ஒன்று, தண்ணீரைவிடச் சற்றுக் கெட்டியானது. கிளிசரின் என்று ஒன்று, பாகு போன்றது. இவற்றில் கலந்த வாசனைச் சரக்கு. வேண்டியவர்களுக்கு நிகோடின். அவ்வளவுதான். ஊறவைப்பது என்று நாம் எதைச் சொல்லுகிறோம்? அரிசியை ஊறவைக்கிறோம், புளியை ஊறவைக்கிறோம், மாங்காயை உப்பில் ஊறவைக்கிறோம். உள்ளே சாறு புகுவதற்கோ உள்ளிருந்து சாறு இறங்குவதற்கோ அங்கே ஒரு கெட்டி வஸ்து இருக்கிறது. நேற்று வைத்த மீன் குழம்பு இன்று ருசிப்பதும் மீனுக்குள் உப்பும் புளிப்பும் இறங்குவதால்தான். இந்தப் புட்டிக்குள் மீன் எங்கே? மாங்காய் எங்கே? (புகையிலையையே ஊறவைத்து வடிக்கிற சில தினுசுகள் உண்டு, அது வேறு சங்கதி.) பேரை வைத்ததும் பொருள் வந்துவிட்டதாக நினைப்பது நமக்குப் புதிதல்ல.

"விஸ்கி பழுக்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். பழுக்கிறது, எதில்? ஓக் மரப் பீப்பாயில். ஸ்காட்லாந்து விஸ்கி மூன்று வருஷமாவது பீப்பாயில் கிடக்க வேண்டும் என்பது சட்டம். மரத்திலிருந்து இறங்கும் சத்தும், மரத்தின் வழியாக நடக்கும் காற்றோட்டமுமே அதை மாற்றுகின்றன. கண்ணாடிப் புட்டியில் அடைத்து மூடிய பிறகு அதே விஸ்கி இருபது வருஷம் கிடந்தாலும் இருபது வருஷச் சரக்கு ஆகிவிடாது. மரத்துக்கு உரிய பெருமையைப் பிளாஸ்டிக் புட்டிக்குக் கொடுத்தால் எப்படி?

அப்படியானால் எல்லாம் பொய்யா என்றால், அதுவுமல்ல. உண்மையான பங்கை ஒப்புக்கொள்ளுவோம். இந்நாட்டுச் சட்டப்படி நிகோடின் கலந்த புட்டி 10 மில்லிக்கு மேல் இருக்கக்கூடாது. ஆகவே 60 மில்லி பிடிக்கும் புட்டியில் 50 மில்லி நிகோடின் இல்லாத திரவத்தை விற்று, அதோடு 18 மில்லிகிராம் பலமுள்ள 10 மில்லி நிகோடின் புட்டியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுகிறார்கள். சேர்த்தால் மில்லிக்கு 3 மில்லிகிராம் வரும். ஆனால் பாகு போன்ற கிளிசரினில் அது தானாகப் பரவ நாளாகும். குலுக்காமல் உபயோகித்தால் ஒரு சமயம் சப்பென்றும் ஒரு சமயம் தொண்டையைப் பிடிப்பதாகவும் இருக்கும். சில நாள் வைத்தால் சமமாகிறது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்கினால் ஆகிற காரியத்திற்கு ஒரு மாத விரதம் எதற்கு? ஆலையிலேயே கலந்து வந்த புட்டிக்கு அதுகூட வேண்டியதில்லை. அது கிடங்கிலும் கடைத்தட்டிலும் பெரும்பாலும் வாரக்கணக்கில் கிடந்துவிட்டே உங்கள் கைக்கு வருகிறது.

இனி நிறத்தைப் பற்றி. திரவம் வெளுப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து பழுப்பானால் "பழுத்துவிட்டது" என்று சந்தோஷப்படுகிறார்கள். வெட்டி வைத்த ஆப்பிளும் கறுக்கிறது. அதைப் பழுத்தது என்று யாரும் சொல்லுவதில்லை. நிகோடின் காற்றும் வெளிச்சமும் பட்டால் பிராணவாயுவோடு சேர்ந்து கெட்டு நிறம் மாறுகிறது. வனிலா வாசனைச் சரக்கும் நிறம் ஏறும். நிறம் ஏறியது என்றால் ஏதோ மாறியது என்று அர்த்தமே தவிர, நல்லதாக மாறியது என்று அர்த்தமல்ல. இன்னும் சிலர் மூடியைத் திறந்துவைத்து "மூச்சுவிட" விடுகிறார்களாம். முதலில் பறந்துபோவது லேசான வாசனைச் சரக்கு. உள்ளே வருவது நிகோடினைக் கெடுக்கும் காற்று. காசு கொடுத்து வாங்கின வாசனையைச் சுவருக்குக் காட்டி அனுப்பிவிட்டு, கார்ப்புப் போய்விட்டது, பக்குவம் வந்துவிட்டது என்கிறார்கள். வெந்நீரில் போடுகிறவர்கள், மூக்குக்கண்ணாடி கழுவும் அதிர்வு யந்திரத்தில் வைக்கிறவர்கள், சூடான அரிசிக்குள் புதைக்கிறவர்கள் எல்லாம் உண்டு. லேகியத்தை நெல்லுக்குள் புதைத்துத் தானியப் புடம் போட்ட நம் வைத்தியர்களுக்கு இங்கிலீஷ்காரரிலும் சிஷ்யர்கள் கிடைத்துவிட்டார்கள் போலும்! கணக்கு கேட்டால் ஒருவர் இரண்டு வாரம் என்கிறார். ஒருவர் ஒரு மாதம் என்கிறார். நம்மவர் ஒருவர் 48 நாள், ஒரு மண்டலம் என்றே சொன்னார். இதற்குமா மண்டலம்!

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகிறோம். காலம் போகப்போகப் புட்டிக்குள் நிஜமாகவே நடக்கிற ரசாயன மாறுதல் ஒன்று உண்டு. அமெரிக்காவில் யேல், டியூக் ஆகிய இரண்டு பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. செர்ரி, வாதுமை வாசனைக்குச் சேர்க்கும் பென்சால்டிஹைடு, இலவங்கப்பட்டை வாசனைக்குச் சேர்க்கும் சின்னமால்டிஹைடு, எலுமிச்சை வாசனைக்குச் சேர்க்கும் சிட்ரால் முதலியவை பிரொப்பிலீன் கிளைக்காலோடு கலந்து சும்மா வைத்திருந்தாலே, சூடுபடுத்தாமலேயே, அதோடு கூடி அசிட்டால் என்ற புது வஸ்துக்களாக மாறுகின்றன. மேலே சொன்ன மூன்றிலும் நூற்றுக்கு நாற்பது பாகத்திற்கு மேல் மாறியதாகக் கண்டார்கள். வனிலாச் சரக்கிலும் இது நடக்கிறது, குறைவாக. இந்தப் புது வஸ்துக்கள் ஆவியிலும் பெரும்பகுதி அழியாமல் வருகின்றன. சோதனைச்சாலைச் செல்களில் பார்த்தபோது, எரிச்சலை அறிகிற நரம்பு வாயில்களை இவை மூலச் சரக்கைவிட அதிகமாகத் தூண்டின. அது மனிதரை வைத்துச் செய்த சோதனையல்ல என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம். ஆனால் புட்டியின்மேல் ஒட்டிய சீட்டில் இந்த வஸ்துவின் பேர் இருக்காது. ஏனென்றால் யாரும் அதை ஊற்றவில்லை, அது உள்ளே பிறந்தது. ஆகவே ஊறப்போட்டால் மாறுகிறது என்று நம்புகிறவர்கள் பாதி ஜெயித்தார்கள். மாறுவதெல்லாம் மேன்மை என்ற மறுபாதிதான் நிற்கவில்லை.

"தின்கிற வாசனைதானே, என்ன செய்துவிடும்?" என்று ஒரு தோழர் கேட்டார். தின்பது வேறு, சுவாசிப்பது வேறு. 2000ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் மிசூரி மாகாணத்தில் சோளப்பொரி ஆலைத் தொழிலாளிகளுக்கு நுரையீரலின் சின்னக் குழாய்கள் அடைபட்டுப் போகும் நோய் கண்டது. விசாரித்ததில் வெண்ணெய் வாசனைக்காகச் சேர்த்த டையசெட்டில் என்ற வஸ்துவின் ஆவியே காரணம் என்று அகப்பட்டது. அந்தப் பொரியை வாங்கித் தின்றவன் வீட்டில் சௌக்கியமாக இருந்தான். கிளறிக்கொண்டு மூச்சுவிட்ட கூலிக்காரனுக்கு மூச்சே போயிற்று. வயிற்றுக்குக் கொடுத்த அத்தாட்சியை நுரையீரலிடம் காட்டினால் அது ஒப்புக்கொள்ளாது.

ஆனால் "எனக்கு நாலு வாரத்தில் ருசி வந்தது, என் நாக்கு பொய்யா?" என்று கேட்பவருக்கு என்ன பதில்? நாக்கு பொய்யல்ல. ஆனால் மாறியது புட்டியா, நீரா? சிகரெட்டை விட்டவருக்குச் சில வாரங்களில் மந்தமாயிருந்த மோப்பமும் ருசியும் திரும்பி வருகின்றன. மூக்கு பிழைத்து எழுந்த புண்ணியத்தை அலமாரிக்குள் தூங்கின புட்டி வாங்கிக்கொள்ளுகிறது! தினமும் ஒரே வாசனையை இழுத்தால் மூக்கு மரத்துப்போகிறது. ஒரு மாதம் விட்டு எடுத்தால் புதிதாகத் தோன்றுகிறது. காத்திருந்தவனுக்கு ஆசையும் சேர்ந்துகொள்ளுகிறது. அன்றியும் இந்தச் சித்தாந்தத்தின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். நன்றாக இருந்தால் ஊறினது. நன்றாக இல்லாவிட்டால் இன்னும் ஊறவில்லை. ஆறு மாதமாகியும் இல்லையென்றால் அளவுக்குமேல் ஊறிவிட்டது. எப்படிப் போனாலும் சரக்கின்மீது குற்றமில்லை. வாங்கினவனுடைய விரதத்தில்தான் குறை. இந்தப் பேச்சை நாம் வேறெங்கோ கேட்டிருக்கிறோமல்லவா? கடைக்காரருக்கோ இதில் லாபம்: மட்டச் சரக்கைத் திருப்பிக் கொண்டுவருகிறவன் ஒரு மாதம் வரமாட்டான், ஊறும்வரைக்கும் குடிக்க இன்னொரு புட்டியும் வாங்கிப் போவான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இருட்டான அலமாரி என்றால் பெரும்பாலும் அது சமையலறை அலமாரிதான். 20 மில்லிகிராம் பலமுள்ள 10 மில்லிப் புட்டியில் 200 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது. பழ வாசனையும் அடிக்கிறது. 2014இல் நியூயார்க் மாகாணத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று இந்தத் திரவத்தை விழுங்கி இறந்துபோயிற்று. மூச்சுவிடுவதற்காக மூடி திறந்த புட்டி உங்கள் வீட்டில் இருந்தால் இன்று இரவே மூடிப் பூட்டிவிடுங்கள்.

இதைப் பரீட்சை செய்வதற்கு யந்திரமோ பட்டமோ வேண்டாம். இதே இங்கிலாந்தில், ராத்தாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில், ஒரு அம்மையார் பாலை முதலில் ஊற்றின டீயையும் பின்னால் ஊற்றின டீயையும் ருசியிலேயே கண்டுபிடிப்பதாகச் சொன்னார். பிஷர் என்ற கணித நிபுணர் அதை மறுக்கவுமில்லை, வணங்கவுமில்லை. எட்டுக் கோப்பை, நாலு இப்படி, நாலு அப்படி, கலைத்து வைத்துக் கேட்க வேண்டும் என்றார். குருட்டாம்போக்கில் எட்டும் சரியாக வருவது எழுபதில் ஒரு தடவை. 1935இல் அவர் எழுதிய புத்தகத்தில் இது பிரசித்தம்.

நாமும் அதையே சுருக்கிச் செய்திருக்கிறோம். அதோ அந்த மேஜையின்மேல் காகிதம் சுற்றிய மூன்று புட்டிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வாசனை. இரண்டு ஒரே வயது. ஒன்று மட்டும் வேறு. எது என்று எழுதிய சீட்டு தலைவரவர்களின் சட்டைப்பையில் இருக்கிறது, நமக்கே தெரியாது. ஏற்கனவே இந்தப் பழக்கமுள்ளவர்கள் மட்டும், தங்கள் தங்கள் குழலோடு வெளியே வரலாம். ஒற்றைப் புட்டியைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை சரியாகச் சொல்லுவது மூன்றில் ஒன்று அதிர்ஷ்டம்; ஒருவரே மூன்று தடவையும் சரியாகச் சொன்னால் 27இல் ஒன்று; அப்போது நாம் அவரை மறுபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டுச் சோதிப்போம். நாலு வாரம் காத்திருந்த தம்பி முதலில் வரட்டும். அவருக்குப் புட்டியைச் சிபாரிசு செய்த பெரியவரும் வந்திருக்கிறார். அண்ணை, நீங்கள் இரண்டாவது.