சுவரில்லா அரங்கு
(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். எனக்கு இசைப்புலமை இல்லை. கேட்டவன் என்னும் உரிமை ஒன்றே உண்டு. ஆதலின், உறவினரைக் காணச் சிங்கப்பூர் சென்றிருந்தபோது அங்குள்ள தாவரப் பூங்காவில் கேட்ட ஓர் இசை விருந்தைப் பற்றிப் பேச விழைகிறேன்.

அப்பூங்கா 1859இல் தோன்றியது. 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே ஓர் ஏரி. ஏரியின் நடுவே மேடை. எதிரே சரிந்திறங்கும் புல்தரை. கட்டணம் இல்லை. வெயில் தணிந்ததும் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் குடும்பம் குடும்பமாக வந்து பாய் விரித்தனர். நாங்களும் புளியோதரை கட்டிச் சென்றோம். ஆடிப்பெருக்கன்று கட்டுச்சோற்றுடன் ஆற்றங்கரை சென்ற நம் முன்னோருக்கு இது புதிதன்று.

அன்று ஒலித்தது ஜாஸ். அதில் ஸ்விங் என்பது ஒரு நடை. ஒரே அளவான இரு சிற்றடிகளுள் முன்னதைச் சற்றே நீட்டிப் பின்னதைக் குறுக்குவர். தாளம் ஊஞ்சல்போல் அசையும். ஒருவர் தம் கற்பனையை விரிப்பார். ஏனையோர் தாங்கி நிற்பர். பின்னர் அடுத்தவர் முறை. நம் கச்சேரியில் கற்பனைச் சுரமும் தனி ஆவர்த்தனமும் கேட்டவருக்கு இது விளங்காமற் போகாது. 1958இல் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு சென்னைக்கு வந்தபோது, அதன் முரசுக் கலைஞர் ஜோ மொரெல்லோவும் நம் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையும் மொழி வேறாயினும் தாளத்தால் உரையாடினர்.

இவ்விசை எங்குப் பிறந்தது? அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆப்பிரிக்க அடிமைகள் ஞாயிறுதோறும் ஒரு திறந்தவெளியில் கூடி முரசறைந்து ஆடினர். 1817இல் நகர மன்றம், குறித்த இடத்தில் மட்டும், கதிரவன் சாயும்வரை மட்டும் கூடலாம் என்று ஆணையிட்டது. காங்கோ சதுக்கம் எனப்படும் அவ்விடத்தில் அவர்கள் காத்த தாளமே பிற்காலத்தில் ஜாஸ் பிறப்பதற்கு வேர்களுள் ஒன்றாயிற்று. இன்று அச்சதுக்கம், அந்நகரிற் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் தாங்கிய பூங்காவுக்குள் இருக்கிறது. வேரோடு பெயர்க்கப்பட்ட உழைப்பாளர் தம் முரசைக் கைவிடவில்லை. உலகம் அதைப் பாய் விரித்துக் கேட்கிறது.

பெரியோர்களே! நாமும் பெயர்ந்து வந்தவர்களே. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தேயிலைக்காக இம்மலை ஏறிய நம் முன்னோர், தப்பையும் தவிலையும் உடன்கொண்டு வந்தனர். அவற்றை நாம் எவ்வாறு போற்றினோம்? கோயில் கொடைக்கும் சாவு வீட்டிற்கும் தப்பை அழைத்தோம். அடித்தவரை வாசலிலேயே நிறுத்தினோம். சாதியின் பெயரால் நாம் எழுப்பிய சுவர் அது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பீருமேட்டுப் பகுதியில் தோட்டங்கள் பல மூடப்பட்டபின் குடும்பங்கள் கலைந்தன. எஞ்சிய முதியவரின் கையில் தாளம் இருக்கிறது. கேட்கச் செவி இல்லை. அவருடைய பேரனோ, தாத்தாவின் தொழிலைப் பிறரிடம் சொல்ல நாணுகிறான். அந்நாணத்தை அவனுக்குக் கற்பித்தவர் நாமல்லவா?

ஆதலின் ஒரு வேண்டுகோள். மழை ஓய்ந்த தை முதல் சித்திரை வரை, மாதம் ஒரு ஞாயிறு மாலை, நம் விளையாட்டுத் திடலில் கூடுவோம். பாயும் கட்டுச்சோறும் அவரவர் கொணர்க. மேடை வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா. சென்னை மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒலிபெருக்கி இன்றியே சிறுவர் கச்சேரிகள் நடைபெற்றுள்ளன. முதல் இடம் தப்படிக்கும் முதியவருக்கு. அவரை நடுப்பாயில் அமர்த்துவோம். நம் சோற்றை அவரோடு பகிர்ந்துண்போம். அடுத்து நம் பிள்ளைகள் தாம் கற்றதை வாசிக்கட்டும்.

புல்தரைக்கு மேல்வரிசை, கீழ்வரிசை இல்லை. அதில் ஒருமுறை ஒன்றாக அமர்ந்துவிட்டால், எழும்போது பழைய சுவர் சிறிதேனும் சரிந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. வரும் தைத் திங்களில் முதற் பாயை விரிக்க நான் வருகிறேன். நீங்களும் வருக என அழைத்து அமைகிறேன்.